பன்மையில் வந்த நோய்

என் கணவருக்கு இரண்டாம் தாரம் பார்த்தவள் நான். மூன்று பெண்களின் பெயர்களை ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதி, பொருத்தமும் பார்த்து வைத்திருந்தேன். அவருக்குத் தெரியாது. அந்த மூன்று பெண்களுக்கும் இன்றுவரை தெரியாது. அதில் ஒருவர் இந்தப் பத்திரிகையின் சந்தாதாரர் என்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

போன வாரம் மகள் ஆரணி பிறந்த கதையை எழுதி, தாயும் சேயும் நலம் என்று முடித்திருந்தேன். அது பாதி உண்மை. சேய் நலம். தாயைப் பற்றித்தான் இந்த வாரம்.

நோர்வேயில், மோர்டென்ஸ்ருட் என்ற இடத்தில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். ஆரணிக்கு அப்போது ஆறு கிழமை, ஒன்றரை மாதம். பின்னேரம் மூன்று மணிக்கே யன்னலுக்கு வெளியே நீலமாக இருண்டுகொண்டு வரும் பனிக்காலம். ஹீற்றரில் காயப்போட்ட குழந்தைத் துணிகளின் ஈரவாசம். நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை பக்கத்தில் விரிப்பில் கிடந்து கூரையைப் பார்க்கிறாள். நான் எழுதுகிறேன்:

முதலாமவர்: பொறுமைசாலி. கறிக்குப் புளி அதிகம் விடுவார்.

இரண்டாமவர்: ஸ்தவாங்கர் நகரத்தில் இருக்கிறார். எண்ணெய்க் கம்பனி வேலை. கார் ஓடுவார்.

மூன்றாமவர்: பிள்ளைகள் என்றால் உயிர். குரல் கீச்சு, ஆனால் பழகிவிடும்.

எழுதி முடித்துவிட்டு அழுதேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில், இரண்டாமவருக்கு ஒரு சரி அடையாளம் போட்டுவிட்டு என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன்.

ஏன் தரையில்?

நிற்கப் பயம், அதனால்தான்.

பிள்ளை பிறந்து மூன்றாம் கிழமையில் தொடங்கியது. நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிடும். பிறகு, மறந்துபோனவன் ஓடிவந்து கதவைத் தட்டுவதுபோல, அடுத்ததைப் பலமாக அடிக்கும். விரல் நுனிகள் விறைக்கும். காதுக்குள் தூரத்து மோட்டார்ச் சைக்கிள். குளித்தால் தண்ணீர் போகும் ஓட்டையில் என் தலைமயிர் பந்தாகச் சேர்ந்திருக்கும்.

ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் அடுப்படியில் நின்றபோது கண் இருண்டது. அரை நொடிதான். விழவில்லை. ஆனால் விழுந்திருந்தால் என்ற படம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. எனக்கு ஏதாவது நடந்தால் நடக்கட்டும், பிள்ளை கையிலிருக்கும்போது நடக்கக்கூடாது. அன்றிலிருந்து அவளை வைத்துக்கொண்டு நான் எழுந்து நிற்பதில்லை. அறைக்கு அறை போக வேண்டுமென்றால் உட்கார்ந்தபடியே, அவளை மடியில் வைத்து, அரக்கி அரக்கிப் போவேன். எங்கள் வீட்டுத் தரை அந்தக் காலத்தைப்போல் எந்தக் காலத்திலும் துப்புரவாக இருந்ததில்லை.

கணவர் கேட்டார்: "ஏனப்பா எந்த நேரமும் கீழை இருக்கிறீர்?"

"இடுப்புக்கு நல்லதாம்."

"ஆர் சொன்னது?"

"புத்தகத்திலை கிடக்கு."

நான் புத்தகம் படிக்கிறவள் என்று எங்கள் ஆட்களிடையே ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எந்தப் பொய்யையும் சொல்லலாம்.

பெரித் வந்த நாள்

குழந்தைகளைப் பார்க்கும் சுகாதாரத் தாதி எங்கள் பகுதியில் பெரித் என்பவர். நரைத்த கட்டை மயிர், பெரிய கைகள். வந்தார், பிள்ளையை ஒரு துணித் தொட்டிலில் போட்டு மாம்பழம் நிறுப்பதுபோல நிறுத்தார், திருப்திப்பட்டார். பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்கள் எப்படி?" என்றார்.

"களைப்பு," என்றேன். அதற்குமேல் சொல்ல வெட்கம். நோர்வேயில் எல்லாரும் பிள்ளை பெற்ற அடுத்த கிழமை பனிச்சறுக்கப் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

பெரித் தன் பெரிய கையை என் கைமேல் வைத்தார். மெதுவாக ஒரு வசனம் சொன்னார். அதில் எனக்கு ஒரு சொல்தான் உறைத்தது: 'கிரெஃப்டெனெ'. அது திரும்பி வரும் என்றார். அமைதியாக இருங்கள் என்றும் சொன்னார்.

'கிரெஃப்ட்' என்றால் நோர்வேக்காரரின் நொஸ்க் மொழியில் புற்றுநோய்.

எனக்கு அந்த மொழி தெரியாதென்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்ததுதான் பிழை. தெரியாதவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போயிருப்பார். நான் மொழி வகுப்பில் முதலாவதாக வந்தவள். பெயர்ச்சொல்லின் ஈற்றில் 'எனெ' வந்தால் பன்மை என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஆகவே அந்த இடத்திலேயே இலக்கணம் பார்த்தேன். ஒன்றல்ல. பல. 'அந்தப் புற்றுநோய்கள் திரும்பி வரும்.'

திரும்பி வரும் என்றால் ஏற்கெனவே வந்திருக்கிறது. எனக்கு எப்போது வந்தது? எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

அந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு உடனே பதில் தெரிந்தது.

மலர் அக்காவின் புண்

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்குக் கல்யாணமாகுமுன்னர், நாலு பேருக்கு உதவியாக ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் போய் மொழிபெயர்த்துக் கொடுப்பேன். அப்படி ஒருமுறை ரொம்சோஸ் பகுதியில் இருந்த மலர் அக்காவோடு போனேன். அக்காவின் தம்பி, வைத்தியரின் அறை வாசலில் என்னை மறித்தார்.

"தங்கச்சி, டொக்டர் அந்தச் சொல்லைச் சொன்னால் நீங்கள் சொல்லக்கூடாது. அக்கா தாங்கமாட்டா."

நம் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். நோய் நோயாளியின் உடம்பில் இருக்கும். அதன் பெயர் மட்டும் உறவினர் வீட்டில் இருக்கும்.

வைத்தியர் சொன்னார். நோர்வே வைத்தியர்கள் நேராக, முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். நான் மலர் அக்காவிடம், குடலில் ஒரு புண், கொஞ்சம் பிடிவாதமான புண், வெட்டி எடுத்தால் சுகம் என்று சுற்றிவளைத்துச் சொன்னேன்.

மலர் அக்கா என்னைப் பார்த்தார். "டொக்டர் ஒரு சின்னச் சொல்லுத்தானே சொன்னவர்? நீர் ஏன் பிள்ளை இவ்வளவு நேரம் கதைக்கிறீர்?"

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பல வருடங்கள் நன்றாக இருந்தார். என்னை எங்கே கண்டாலும், "என்ரை புண் இப்ப பரவாயில்லைப் பிள்ளை" என்பார். தெரியாமல் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை.

இப்போது புரிகிறதா? எனக்கு ஒருவரும் சொல்லாததில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இருக்கவில்லை. மலர் அக்காவுக்கு நான் செய்தது, வட்டமாகச் சுற்றி, எனக்கு வந்திருக்கிறது.

சாட்சியங்கள்

அன்று பெரித்தை வழியனுப்ப வாசல்வரை போன என் கணவர் அங்கே நின்று குரலைத் தாழ்த்திக் கதைத்தார். அவர் பஸ் ஓட்டுநர். பின் இருக்கைவரை கேட்கக் கத்திப் பழகியவர். அவருக்குத் தாழ்ந்த குரல் உண்டென்பதே அன்றுதான் தெரியும்.

மறுநாள் வக்கியூம் மெஷின் பிடித்து வீடு கூட்டினார். நான் சொல்லாமலே.

அதற்கு மறுநாள் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு தொலைபேசியில் யாரோடோ கிசுகிசுத்தார். நான் அரக்கிப் போய்க் கதவில் காதை வைத்தேன். "ஓம், ஓம், அவவுக்குத் தெரியாது" என்பது மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்தவர் கையில் ஒரு பை. உள்ளே கறுத்த முந்திரிகைப்பழம், அதாவது திராட்சை, பெரிய குலை. எங்கள் ஊரில் முந்திரிகைப்பழத்தை ஆரும் சும்மா வாங்குவதில்லை. ஆஸ்பத்திரிக்கு, கட்டிலில் கிடக்கிறவருக்கு வாங்கிப் போவார்கள்.

"சாப்பிடும்," என்றார். "உடம்புக்கு நல்லது."

பழத்தைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். இந்த மனிதன் நல்லவன், தனியே இருந்து சமாளிக்கமாட்டான் என்று தோன்றியது. அதற்கு அடுத்த நாள்தான் கடித உறையை எடுத்துப் பெயர்களை எழுதினேன்.

அகராதியையும் பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். 'கிரெஃப்ட்' என்ற சொல்லைத் தேடினேன். இருந்தது. நான் நினைத்த அர்த்தமேதான். மூடி வைத்துவிட்டேன். சந்தேகம் உள்ளவன் பக்கத்துச் சொற்களையும் பார்ப்பான். பயந்தவன் தான் தேடியதைக் கண்டவுடன் நிறுத்திவிடுவான்.

படியிறக்கம்

ஆனால் ஒன்று. நான் மலர் அக்கா இல்லை. எனக்கு மொழி தெரியும். என் நோயின் பெயரை எனக்கு யாரும் சுருக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நாள் இருக்கிறது, அதற்குள் பிள்ளைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று வைத்தியரிடம் நேரே கேட்பதென்று திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன். கணவர் கூட வரக்கூடாது. வந்தால் வாசலில் வைத்தியரை மறிப்பார்.

அதனால் அவர் வேலைக்குப் போகும்வரை காத்திருந்தேன். அப்போதுதான் திட்டத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது. பிள்ளைவண்டில் கீழே வாசலில் நிற்கிறது. இடையில் நாற்பத்தெட்டுப் படிகள். லிஃப்ட் கிடையாது. நானோ பிள்ளையோடு நிற்பதில்லை.

முதற்படியில் உட்கார்ந்தேன். ஆரணியை மடியில் வைத்து, சால்வையால் என்னோடு சேர்த்துக் கட்டினேன். காலை அடுத்த படியில் வைத்து, மெதுவாக அரக்கி, தொப்பென்று இறங்கினேன். பிறகு அடுத்தது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் எங்களுக்குக் கீழ் வீட்டு ஹில்டே கடைச் சாமான் பையோடு ஏறி வந்தார். நின்றார். முப்பத்தைந்து வயதுக்காரி ஒருத்தி, தொப்பி கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, குழந்தையோடு படியில் சறுக்கி வருவதைப் பார்த்தார்.

"ஹாய்," என்றார்.

"ஹாய்," என்றேன்.

சுவரோடு ஒதுங்கி எனக்கு இடம் விட்டார். நோர்வே ஆட்களிடம் எனக்குப் பிடித்த குணம் அது. உயிர் போகிறதென்று கத்தினாலொழிய ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஒருமை என்ன?

எங்கள் குடும்ப வைத்தியர் ஓய்வு பெறப்போகும் வயதுக்காரர். நான் நேராகக் கேட்டேன்.

"எனக்கு எத்தனை நாள் இருக்கிறது? மறைக்காமல் சொல்லுங்கள்."

அவர் கணினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கணினியைப் பார்த்தார். "எதற்கு?"

"என் கிரெஃப்டுக்கு."

"உங்களுக்குக் கிரெஃப்ட் என்று யார் சொன்னது?"

"பெரித்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பெரித் என்ன சொன்னார்? சொன்னபடியே சொல்லுங்கள்."

சொன்னேன். ஈற்று 'எனெ'யை நன்றாக அழுத்திச் சொன்னேன். கவனமில்லாமல் கேட்டவள் என்று அவர் நினைக்கக் கூடாது.

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பள்ளிக்கூட வாத்தியார்போலக் கேட்டார். "அந்தச் சொல்லுக்கு ஒருமை என்ன?"

"கிரெஃப்ட்."

"இல்லை. கிராஃப்ட்."

ஒரு தாளில் எழுதினார். 'கிராஃப்ட்' என்றால் வலு. நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பற்றிய பாடத்தில் நானே படித்த சொல். அதன் பன்மையில் 'ஆ' போய் 'எ' வரும். உடம்பின் வலுவைச் சொல்லும்போது பன்மையில்தான் சொல்வார்கள். பெரித் சொன்னது: 'உங்கள் பலம் திரும்பி வரும்.'

ஒரு நிம்மதியும் வரவில்லை. முதலில் வந்தது அவமானம். சாகத் தயாராக இருந்தவளுக்குப் பன்மை தெரியவில்லை. ஆரணியின் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அப்படியென்றால் நெஞ்சு?" என்றேன். "கண் இருண்டது? அதற்கும் இலக்கணமா?"

வைத்தியர் சிரிக்கவில்லை. அந்தக் கிழவருக்கு நான் இன்றும் நன்றியுள்ளவளாக இருப்பது அதற்காகத்தான். நெஞ்சில் ஒட்டிகளை ஒட்டி இதயத் துடிப்பைக் கடதாசியில் எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். இதயத்தில் பிழையில்லை என்று அங்கேயே தெரிந்தது; இரும்புச்சத்துத்தான் அடிமட்டத்தில் என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள்.

"துடிப்பு நிசம்தான்," என்றார். "ஆபத்தில்லாதது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் நாடி பார்க்கிறீர்கள்?"

"எண்ணுவதில்லை," என்றேன். எண்ணியிருந்தேன். அதனால்தான் சொல்லவில்லை.

"இனி ஒரு தரம்தான்," என்றார்.

"ஐந்து."

"இரண்டு. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் என்னிடம் வாருங்கள். புதிதாக ஏதாவது வந்தாலும் வாருங்கள், ஒன்றும் வராவிட்டாலும் வாருங்கள். பயத்தையும் பார்க்க வேண்டும்."

கடித உறை

அன்று, பின்பக்கமாக அரக்கிப் படியேறி வீட்டுக்கு வந்தபோது கணவர் வேலை முடிந்து வந்திருந்தார். மேசையில் என் கடித உறை. காசோலை ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்க எடுத்தவராம்.

"இதென்ன இது?" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெரித், பன்மை, மலர் அக்கா, முந்திரிகைப்பழம். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குளியலறைக்குள்ளை போய்க் கதைச்சீங்களே, ஆரோடை?"

"என்ரை அக்காவோடை. பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிற சரக்குத்தண்ணி எப்பிடிக் காய்ச்சிறதெண்டு கேட்டனான். உமக்குத் தெரிஞ்சால் நீரே எழும்பிக் காய்ச்சுவீர் எண்டுதான் மறைச்சனான்."

"வக்கியூம்?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "பெரித் வாசலிலை வைச்சுக் கேட்டவ, வீட்டு வேலை ஆர் செய்யிறது எண்டு. பிள்ளை இருக்கிற வீடு. அவ பிள்ளைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஏதும் எழுதிப்போடுவா எண்டு பயந்திட்டன்."

ஆக, அவரிடம் அன்பு பாதி, பயம் பாதி. என்னிடம் இருந்ததைப்போலத்தான். அது எனக்கு ஏனோ பிடித்தது.

பிறகு உறையை எடுத்து மூன்று பெயர்களையும் நிதானமாகப் படித்தார். "இந்த ரெண்டாவது ஆளுக்கு என்னத்துக்குச் சரி போட்டனீர்? ஸ்தவாங்கரிலை போய் நான் என்ன செய்யிறது? அங்கை எந்நேரமும் மழை."

சிரித்தேன். பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாக வயிறு நோகச் சிரித்தேன். நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது. அவருக்குச் சொல்லவில்லை.

நாற்பத்தெட்டு

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று. பயத்துக்கு அகராதி பார்க்கும் பழக்கம் இல்லை. அடுத்த கிழமையே உதடு விறைத்தது. அதற்கடுத்தது முழங்கையில் ஒரு துடிப்பு. நான் மறுபடியும் தரையில்.

பிறகு ஒருநாள் விரிப்பில் கிடந்த ஆரணி என் முகத்தை விட்டுவிட்டு யன்னலைப் பார்த்துக் கைகாலை அடித்தாள். அங்கே ஒரு மரக்கொப்பிலிருந்து பனி உதிர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது பாதிதான் தெரிந்திருக்கும். தரையிலிருந்து பார்த்தால் யன்னலில் பாதிதான் தெரியும்.

அன்று முடிவெடுத்தேன், பயம் போன பிறகு எழும்புவதில்லை, பயத்தோடு எழும்புவதென்று. ஒரு நாளைக்கு ஒரு படி.

முதல் நாள், ஒரு கையால் கம்பியைப் பிடித்து, பிள்ளையை மார்போடு கட்டி, ஒரே ஒரு படியை நின்று இறங்கினேன். மிச்சம் நாற்பத்தேழையும் உட்கார்ந்தபடி. மறுநாள் இரண்டு படி நின்று, நாற்பத்தாறு உட்கார்ந்து. வெளியில் பனி கொட்டினாலும் இறங்கினேன். இரும்புச்சத்துக் குளிசை விழுங்கி, வயிற்றைப் பிரட்டிக்கொண்டிருந்தபோதும் இறங்கினேன். பதினேழாம் படியில் ஒருநாள் காதுக்குள் மோட்டார்ச் சைக்கிள் ஓடத் தொடங்கியது. நின்றேன். நாடி பார்க்க வேண்டும்போல இருந்தது. அன்றைய இரண்டையும் காலையிலேயே முடித்துவிட்டேன். வேறு வழியில்லாமல் மோட்டார்ச் சைக்கிள் போகும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆரணிக்கு ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். ஏழேழு நாற்பத்தொன்பதில் சத்தம் நின்றது. பதினெட்டாவதில் கால் வைத்தேன்.

ஹில்டே அடிக்கடி எதிர்ப்பட்டார். மேற்படிகளில் நின்று வருவேன், கீழ்ப்படிகளில் உட்கார்ந்து அரக்குவேன். "ஹாய்." "ஹாய்." ஒதுங்கி இடம் விடுவார். அவரின் பத்து வயது மகளும் ஒதுங்கி இடம் விடுவாள். நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

தெருவில் பனி உருகி, அடியில் கிடந்த சரளைக்கல் வெளிவந்த ஒரு காலை, நாற்பத்தெட்டையும் நின்று இறங்கினேன். நெஞ்சு இரண்டு தரம் தவறியது. தவறட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசிப் படியில் கால் தரையைத் தொட்டபோது, பிள்ளை என் மார்பில் நித்திரை. அவளுக்கு இது ஒரு செய்தியே இல்லை.

வாசலில் ஹில்டே தபால்பெட்டியைத் திறந்துகொண்டு நின்றார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முதல்முறையாக 'ஹாய்'க்கு மேலே வாயைத் திறந்தார்.

"நடந்து வருகிறீர்கள்," என்றார்.

"ஓம்," என்றேன். இதற்காகவே இத்தனை கிழமை காத்திருந்ததுபோல நிமிர்ந்து நின்றேன். "இனி நடந்துதான்."

"அந்தக் காலம் முடிந்துவிட்டதா?" என்று கேட்டார் ஹில்டே. குரலில் ஒரு மெல்லிய ஏமாற்றம். "பிள்ளை பெற்றவர்கள் அப்படித்தான் படியிறங்க வேண்டும் என்பது உங்கள் பண்பாடு என்று நினைத்தோம். அதனால்தான் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் மகள் பள்ளிக்கூடத்தில் அதைப்பற்றி ஒரு கட்டுரைகூட வாசித்துவிட்டாள். வகுப்பில் இருக்கிற இரண்டு தமிழ்ப் பிள்ளைகளும் ஓம், உண்மைதான் என்று சொன்னார்களாம்."